குறி சட்டத்தில் இல்லை

புதன்கிழமை. மூதூரில் கால்நடைக் காரியாலயம்.
எனக்கு முன்னால் பதினாறு பேர்,
மின்விசிறி ஒன்று, அதுவும் மேசைப் பக்கம் திரும்பி.
“எத்தனை உருப்படி?”
பதினொன்று என்றேன்.
பிறகு எட்டு என்றேன்.
உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டு
முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

எட்டு, பட்டியில் நிற்குது.
மூன்று, மேய்ச்சல் தரைக்கு முட்கம்பி வந்த வருஷம்
காட்டோடு போனதுகள்.
மாரி பெய்தால் வாய்க்கால் கரைக்கு வருங்கள்,
எட்ட நின்று பார்க்குங்கள்,
கிட்டப் போனால் பற்றைக்குள் பாயுங்கள்.
ஆனாலும் என்ட தான்.
இடது தொடையில் ‘பூ’, கீழே ஒரு கோடு.
மாமா பூபாலர் வைத்த குறி.
எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன்
அந்த ஓர் எழுத்தை மட்டும்
நெருப்பால் பிழையில்லாமல் எழுதினார்.

“குறி சட்டத்தில இல்லையக்கா”
மழை வராது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.
“காதில தோடு இருந்தாத்தான் மாடு.
முப்பதாம் திகதிக்குப் பிறகு
தோடில்லாத மாட்டுட பால் எடுக்கமாட்டாங்கள்.
யானை அடிச்சாலும் நட்டஈடு இல்லை.”

என் காதைத் தொட்டுப் பார்த்தேன்.
ஈர்க்குத் துண்டு இருந்தது.
என்ட தோடு இரண்டு வருஷமாக அடகில்.
சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை,
பின்னால் வரிசை நீளம்.

எட்டுக்கும் ஒரு நாள் குறித்துத் தந்தார்.

அதற்குள் ஒரு ஞாயிறு, கிண்ணியாவில்,
மரக்காலைக்குப் பின்னால்
கட்டி நின்றது நரையன்.
காட்டோடு போன மூன்றில் மூத்தது.
இரண்டு காதிலும் புது மஞ்சள்,
இலக்கத்தின் கடைசி நான்கு 4071.
தொடையில் ‘பூ’, கீழே கோடு.

முஸம்மில் ஓடி ஒளியவில்லை.
உள்ளே போய்ப் பொலித்தீன் பையோடு வந்தார்.
விற்பனைச் சீட்டு, கிராம சேவகர் கையொப்பம்,
சங்கத்தில் எடுத்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தின்
தவணைப் புத்தகம்.
ஐந்து மாதம் கட்டியாயிற்று, இன்னும் பத்தொன்பது.
“தரகர் ஒருத்தர்ட்ட எடுத்தது தங்கச்சி.
குறியைக் காட்டிக் கேட்டன்.
அது பழசு, செல்லாது எண்டார்.”
சொல்லிக்கொண்டே அந்தத் தழும்பைத் தடவினார்,
என் கை இருந்த இடத்துக்கு
ஒரு விரற்கடை தள்ளி.

நரையனுக்கு என்னைத் தெரியவில்லை.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
வாலைத் தூக்கி மூத்திரம் பெய்தது.
முஸம்மிலின் மனைவி பிளேன்டீ தந்தா,
பனங்கட்டித் துண்டை என் உள்ளங்கையில் வைத்தா.
குடித்தேன்.
பொலிசுக்குப் போகலாம். போனால்
இலக்கம் அவரிடம், எழுத்து என்னிடம்,
தரகர் எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியாது.
பஸ்ஸில் வரும்போதுதான்
பனங்கட்டி இன்னும் கையில் ஒட்டியிருப்பது தெரிந்தது.

நேற்றுத் தோடு குத்த வந்தார்கள்.
மீசை அரும்பாத பொடியன், கையில் இடுக்கி,
காதுக்கு ஒரு ‘டக்’.
செம்பி தலையை உதறியதில்
என் சட்டையில் மூன்று சொட்டு.
மறைச்சி என்னை முட்ட வந்து, வழியில் மறந்துபோய்
வைக்கோலைக் கடித்தாள்.
கூழைவாலியின் கன்று கத்தவேயில்லை,
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எட்டும் முடிந்தது.
“வேற இருக்கா அக்கா?”
அவன் பெட்டிக்குள் இன்னும் நான்கு சோடி மிச்சம்.
வாய்க்கால் பக்கம் பார்த்தேன்.
பற்றை அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.
இல்லை என்றேன்.

அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கிய பிறகு
குசினிக் கூரையில் செருகியிருந்த
குறிக்கம்பியை இழுத்தெடுத்தேன்.
‘பூ’வின் சுழியில் கறள்.
அடுப்பில் வைக்கவில்லை.
தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து
இருந்த இடத்திலேயே செருகினேன்.